சேமித்து வைத்த விசை

சென்னை மீனம்பாக்கத்தை அடுத்த ஓர் ஊரில், உயர்நிலைப் பள்ளியொன்றில் நான் பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தேன். பின்னர் அப்பள்ளியிலேயே தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். விமானங்கள் எங்கள் பள்ளிக் கூரைக்கு மேலாகவே எழுந்து செல்லும். பானிப்பட்டுப் போரை நான் நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு விமானம் கிளம்புமாயின், பாபரும் இப்ராகிம் லோடியும் அரை நிமிடம் போரை நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இரைச்சலில் எந்த ஆசிரியரின் குரலும் எடுபடாது.

1990களில் ஒரு நாள் காலை, இறைவணக்கக் கூட்டத்தில் மாணவர்கள் வரிசையாக நின்றிருந்தபோது ஒரு ஜெட் விமானம் எழுந்தது. நாள்தோறும் காணும் வகை விமானமே. ஆனால் அன்று அது எழுந்த விதம் வேறு. மற்ற நாள்களில் எங்கள் தலைக்கு மேல் வரும்போது அதன் வயிற்றில் எழுதியிருக்கும் எழுத்துகளைக்கூடப் படித்துவிடலாம். அன்றோ, மூக்கை நிமிர்த்திக்கொண்டு, விறுவிறுவென்று படியேறுவது போல் ஏறி, பள்ளியை அடையும் முன்னரே குருவியளவாகிவிட்டது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, இன்றைக்கு மட்டும் ஏன் இவ்வளவு செங்குத்தாகப் போகிறது?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர்களுக்கே உரிய ஒரு பலவீனத்தால், "விமானி இளைஞராக இருப்பார், வேகம் அதிகம்" என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அவனை வரிசையில் நிற்கச் செய்தேன்.

அந்த விடை தவறானது. ஓய்வு பெற்ற பின்னர் விமானங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது அதை உணர்ந்தேன். அந்த விமானம் அன்று பயணிகளும் சரக்கும் மிகக் குறைந்த நிலையில், குறைந்த எரிபொருளோடு சென்றிருக்க வேண்டும். சுமை குறைந்தால் விரைவாக ஏறும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும் என்பீர்கள். ஆனால் சற்று விரைவாக அன்று, அவ்வளவு செங்குத்தாக ஏறும் விசை ஒரு பயணி விமானத்துக்கு எங்கிருந்து வந்தது? நூறு பேரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இத்தகைய ஆற்றலை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள்? இந்த வினாவின் பாதி இயற்பியல். மறுபாதி என் பாடமாகிய வரலாறு.

முதலில் ஒரு சிறு கணக்கு. போயிங் 757 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டே எஞ்சின்கள் உடையது. முழுச்சுமையோடு எழும்போது அதன் எடை ஏறத்தாழ 115 டன். பயணிகளும் எரிபொருளும் இல்லாத வெறும் விமானத்தின் எடையோ சற்றேறக்குறைய 58 டன்தான். அஃதாவது, முழுச்சுமையின் பாதி விமானம். மறுபாதி நாமும், நம் பெட்டிகளும், நம்மைக் கொண்டு செல்லும் எரிபொருளும். எஞ்சின் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 டன் விசையோடு தள்ளக்கூடியது. இரண்டும் சேர்ந்து 36 டன். விமானம் வேகம் பெறப் பெற இவ்விசை சற்றுக் குறையும். ஆகவே எழுந்து ஏறும் நேரத்தில் 30 டன் என்று வைத்துக்கொள்வோம். எடையில் பத்தில் ஒரு பங்கு காற்றின் தடைக்குச் செலவாகிறது என்றும் கொள்வோம். முழுச்சுமையில் தடைக்கு 11½ டன் போக மீதி 18½ டன். 115 டன் எடையை மேலே ஏற்ற இந்த மீதியே கிடைக்கும் முதல். அதனால் 100 மீட்டர் செல்லும்போது விமானம் 16 மீட்டர் உயரும். இனி, ஆளில்லாமல் சிறிது எரிபொருளோடு 70 டன் எடையில் அதே விமானம் புறப்படுவதாகக் கொள்ளுங்கள். தடைக்கு 7 டன் போக மீதி 23 டன். 100 மீட்டருக்கு 33 மீட்டர் உயர்கிறது! எஞ்சின் அதே எஞ்சின். ஏற்றம் மட்டும் இருமடங்கு.

இது தோராயக் கணக்கே. ஆயினும் இதில் மறைந்திருக்கும் உண்மை ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். எடை குறைந்தபோது இருவகையில் ஆதாயம் கிடைத்தது: தடை குறைந்தமையால் மீதி விசை பெருகியது, அந்தப் பெருகிய மீதி, குறைந்த எடையைத் தூக்க வேண்டியதாயிற்று. விமானத்தை உயரச் செய்வது மொத்த விசையன்று, மீதி விசையே. குடும்பத்தின் வருவாய் எவ்வளவு என்பதைவிடச் செலவு போக மிச்சம் எவ்வளவு என்பதே வீடு கட்ட உதவும் என்பது போலத்தான் இதுவும்.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கிவிட விரும்புகிறேன். 2015ஆம் ஆண்டில், பாரிசு விமானக் காட்சிக்கென ஒத்திகை செய்த போயிங் 787 விமானத்தின் படச்சுருள் உலகெங்கும் பரவியது. ஓடுபாதையை விட்டதும் அவ்விமானம் ராக்கெட்டைப் போல நேராக விண்ணை நோக்கிச் செல்வதாகவே பார்த்தவர்கள் எண்ணினர். அது கண்ணின் மயக்கம். எதிர்நின்று படம் எடுத்தால் சாய்வு நிமிர்ந்து தோன்றும். எடைக்குச் சமமான விசை எந்தப் பயணி விமானத்துக்கும் இல்லை. ஆகவே செங்குத்தாக ஏறிக்கொண்டே செல்லுதல் அதற்கு இயலாது. ஆயினும், மயக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த ஏற்றம் வியக்கத்தக்கதே.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த மீதி விசையை விமானங்களில் வைக்க வேண்டும் என்று முதலில் பிடிவாதம் செய்தவர்கள் வேகத்தை விரும்பியவர்கள் அல்லர், அஞ்சியவர்கள்.

1931ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் கன்சாசு மாநிலத்தில், மூன்று எஞ்சின்களுடைய ஃபாக்கர் விமானம் ஒன்று இறக்கை முறிந்து விழுந்தது. எட்டுப் பேர் இறந்தனர். அவர்களுள் நாடறிந்த கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னியும் ஒருவர். அந்த இறக்கை மரத்தாலானது. டி.டபிள்யூ.ஏ. என்று பின்னாளில் புகழ்பெற்ற அந்த விமானக் கம்பெனிக்கு உடனடியாக உலோக விமானங்கள் தேவைப்பட்டன. போயிங் கம்பெனியார் புதிதாகச் செய்துகொண்டிருந்த விமானங்களில் முதல் 60ஐப் போட்டிக் கம்பெனியொன்று முன்னரே தனக்கென்று ஒதுக்கிக்கொண்டுவிட்டது. வேறு வழியின்றி, 1932 ஆகஸ்டு 2ஆம் நாள், டி.டபிள்யூ.ஏ.யின் அதிகாரியான ஜாக் ஃப்ரை விமானம் கட்டுவோர் சிலருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். மூன்று எஞ்சின், உலோக உடல், பன்னிரண்டு பயணிகள் என்று அதில் பல நிபந்தனைகள். அவற்றுள் ஒன்றுதான் நம் கதைக்கு வித்து: முழுச்சுமையோடு இருக்கும்போதும், எந்த எஞ்சின் நின்றுபோனாலும், எஞ்சியவற்றைக் கொண்டே தங்கள் நிலையங்களுள் எதிலிருந்தும் அது பத்திரமாக எழ வேண்டும் என்பது.

கலிபோர்னியாவிலிருந்த டொனால்டு டக்ளஸ் என்பவர் இக்கடிதத்துக்கு விடையாக ஒரு துணிவான யோசனையை முன்வைத்தார். மூன்று எஞ்சின் வேண்டா. இரண்டே போதும் என்றார். கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க். அவர் எளிதில் இணங்கவில்லை. இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால் பாதி விசை போய்விடும். மீதியுள்ள ஒன்றைக் கொண்டே எழவும், மலைகளைக் கடக்கவும் முடியுமா? டக்ளசின் பொறியாளரான ஆர்தர் ரேமண்டு காகிதமும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு முடியும் என்பது விடை. மற்றப் பத்துப் பங்குதான் தம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்று அவர் சொன்னதாகக் கூறுவர்.

டி.சி.-1 என்று பெயரிடப்பட்ட அந்த விமானம் 1933 ஜூலை 1ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. பறந்த கதையே ஒரு வேடிக்கை. தரையை விட்டு மூக்கை உயர்த்தியதும் எஞ்சின்கள் விக்கி விக்கி ஓய்ந்தன. மூக்கைத் தாழ்த்தினால் மறுபடி உயிர்பெற்றன. உயர்த்தினால் ஓயும், தாழ்த்தினால் ஓடும். விமானி சிறிது ஏறுவதும் சிறிது தாழ்வதுமாக எப்படியோ சுற்றிவந்து இறங்கிவிட்டார். எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் மிதவை தலைகீழ்ப் பக்கமாகப் பொருத்தப்பட்டிருந்ததாம்! ஏறுவதற்கென்றே கட்டப்பட்ட விமானத்துக்கு ஏறும்போதுதான் எஞ்சின் நின்றது. பெரிய முயற்சிகளில் இத்தகைய சிறு பிழைகள் நேர்வதை மாணவர்கள் கண்டு மனம் தளர வேண்டியதில்லை.

உண்மையான சோதனை அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் அரிசோனா மாநிலத்து வின்ஸ்லோவில் நடந்தது. அவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் உள்ளது. உயரமான இடத்தில் காற்று மெலிந்திருக்கும். இறக்கைக்குத் தூக்கும் வலிமை குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். கம்பெனியின் நிலையங்களுள் கடினமானவற்றுள் அதுவும் ஒன்று. டி.சி.-1 முழுச்சுமையோடு ஓடுபாதையில் விரைந்தது. தரையை விட்டு எழும் தறுவாயில் ஓர் எஞ்சின் வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது. ஒற்றை எஞ்சினோடு அது தடுமாறாமல் மெல்ல மெல்ல உயர்ந்தது. நிறுத்திய எஞ்சினை வழியில் எங்கும் இயக்காமலேயே மலைநாட்டைக் கடந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்கி நகர் வரை சென்று இறங்கியது. முன்னரே புறப்பட்டிருந்த மூன்று எஞ்சின் ஃபோர்டு விமானத்தை அது முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்ததாகவும் சொல்வர்.

அந்த டி.சி.-1இன் வழிவந்ததே டி.சி.-3. நம் நாட்டில் முந்திய தலைமுறையினர் டகோட்டா என்று அன்போடு அழைத்த விமானம் அதுதான். 1949இல் தொடங்கிய இரவு அஞ்சல் பணியில் சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் நள்ளிரவில் நாகபுரிக்கு வந்து கடிதங்களை மாற்றிக்கொண்டு திரும்பிய டகோட்டாக்கள் வின்ஸ்லோ சோதனையின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

வின்ஸ்லோவில் நிலைபெற்ற கொள்கையை ஒரே தொடரில் சொல்லிவிடலாம்: ஓர் எஞ்சின் நின்றாலும் ஏறும் அளவுக்கு மீதி விசை எப்போதும் கையில் இருக்க வேண்டும். அவ்வாறாயின், எஞ்சின் எதுவும் நிற்காத நாள்களில் அந்த மீதி என்னாகும்? சும்மா கிடக்கும். சுமையும் குறைவாக இருந்துவிட்டால் அது வெளிப்பட்டுத் தெரியும். நம் மாணவன் கண்ட காட்சி அதுவே.

ஆனால் ஜெட் யுகம் பிறந்தபோது இந்த மீதி மிகச் சுருங்கியிருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உலகின் முதல் ஜெட் பயணி விமானமாகிய பிரிட்டனின் காமெட், 1952 மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜோகானசுபர்க்குக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே கொழும்புக்கும் வந்தது. அழகிய விமானம். அதன் நான்கு எஞ்சின்களும் சேர்ந்து தந்த விசையோ 20,000 இராத்தல். தூக்க வேண்டிய எடை 1,05,000 இராத்தல். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1952 அக்டோபரில் உரோமாபுரியில் ஒரு காமெட் எழ முயன்றபோது மூக்கு சற்று மிகையாக உயர்ந்தது. மூக்கு உயரவே காற்றின் தடை மிகுந்தது; தடையை வெல்ல மீதி விசை இல்லை; வேகம் ஏறவில்லை. விமானம் ஓடுபாதையைக் கடந்து சென்று நொறுங்கியது. நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 1953 மார்ச்சு 3ஆம் நாள் கராச்சியில் அதுவே மீண்டும் நேர்ந்தது. இம்முறை விமானத்தில் இருந்த 11 பேரும் மாண்டனர்.

இரு விபத்துகளிலும் பழி விமானிகள்மீது விழுந்தது. மூக்கை அளவுக்கு மேல் தூக்கிவிட்டார்கள் என்று குற்றஞ்சாட்டினார்கள். அது உண்மையே. ஆயினும் சிறிது தூக்கியதற்கே இறக்கை தன் வலிமையை இழந்துவிடும்படி அமைந்திருந்ததும் உண்மையன்றோ! பின்னர் காமெட்டின் இறக்கை முன்விளிம்பு மாற்றியமைக்கப்பட்டது. குறையில்லாத ஒன்றை யாரும் மாற்றியமைப்பதில்லை. ஆண்டுக்கணக்காகத் தம் பெயரின்மேல் விழுந்த களங்கத்தைத் துடைக்கப் போராடிய உரோமாபுரி விமானியை எண்ணும்போது, தேர்வில் ஒரு வகுப்பு முழுவதும் தவறு செய்தால் வினாத்தாளையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் கற்றது எனக்கு நினைவுக்கு வருகிறது.

காமெட்டை அடுத்து வந்த அமெரிக்க போயிங் 707, 1958 அக்டோபர் 26ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் பறக்கத் தொடங்கியது. அதன் தொடக்க வகைகளுக்கும் எழும்போது விசை போதவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி, அதனால் கிடைக்கும் சிறு கூடுதல் விசையைக் கொண்டு, கரும்புகையைக் கக்கியபடி நெடுந்தூரம் ஓடித்தான் அவை எழும். அக்காலத்து ஜெட் விமானத்தைப் பார்த்து எவரும் செங்குத்தாகப் போகிறது என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

நிலைமையை மாற்றியது எஞ்சினின் முன்னே பொருத்தப்பட்ட பெரிய விசிறி. பழைய ஜெட் எஞ்சின் சிறிதளவு காற்றை மிக்க வேகத்தோடு பின்னே தள்ளியது. புதிய எஞ்சினோ விசிறியைச் சுழற்றிப் பேரளவு காற்றை மிதமான வேகத்தோடு தள்ளியது. மெதுவாகச் செல்லும்போது, அஃதாவது தரையிலிருந்து எழும்போது, இம்முறையே மிகுந்த பயன் தரும். காமெட்டின் எஞ்சின் ஒன்றுக்கு 5,000 இராத்தல் விசை. 1969 பிப்ரவரியில் முதலில் பறந்த போயிங் 747இன் எஞ்சின் ஒன்றுக்கு 40,000 இராத்தலுக்கு மேல். இருபது ஆண்டுகளில் எட்டு மடங்குக்கு மேற்பட்ட வளர்ச்சி!

இத்தகைய எஞ்சின்கள் கைக்கு வந்ததும், டக்ளஸ் 1932இல் கேட்ட கேள்வி மறுபடியும் எழுந்தது: இரண்டே போதாதா? போதும் என்றனர் பொறியாளர். அப்போதுதான் நான் சொல்லிவரும் சேமிப்பு பெருகியது. காரணம் விந்தையானது. இன்றைய விதிப்படி, எழும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், சக்கரங்களை மடக்கிய நிலையில், இரண்டு எஞ்சின் விமானம் 100 மீட்டருக்கு 2.4 மீட்டரும், நான்கு எஞ்சின் விமானம் 3 மீட்டரும் உயரவல்லதாக இருக்க வேண்டும். 100 டன் எடையும் 10 டன் காற்றுத் தடையும் உடைய விமானம் என்று கொள்ளுங்கள். நான்கு எஞ்சின் உடையதாயின், ஒன்று நின்றபின் மூன்றும் சேர்ந்து 13 டன் தர வேண்டும்; அப்படியானால் நான்கும் ஓடும்போது 17 டன்னுக்குச் சற்று மேல். இரண்டு எஞ்சின் உடையதாயின், ஒன்றே 12.4 டன் தர வேண்டும்; இரண்டும் ஓடும்போது ஏறக்குறைய 25 டன். தடையைக் கழித்துப் பாருங்கள். நான்கு எஞ்சினுக்கு மீதி 7. இரண்டு எஞ்சினுக்கு மீதி 15. எஞ்சின்கள் குறைவாக உள்ள விமானமே வலிமை மிகுந்ததாகிவிடுகிறது!

இதற்குக் கண்கண்ட சான்று உண்டு. ஐரோப்பியர்கள் ஏர்பஸ் ஏ-340, ஏ-330 என்று இரு விமானங்களை உடன்பிறப்புகளாக உருவாக்கினார்கள். முன்னது 1991இலும் பின்னது 1992இலும் முதலில் பறந்தன. உடலும் இறக்கையும் பெரும்பாலும் ஒன்றே. ஏ-340க்கு நான்கு எஞ்சின், ஏ-330க்கு இரண்டு. நான்கு எஞ்சின் உடைய ஏ-340இன் முதல் வகைகள் மிக மெதுவாக ஏறுவதில் பேர்போனவை. பூமி உருண்டையாக வளைந்து கீழே விலகுவதால்தான் அது உயர்கிறது என்று விமானிகள் நகையாடுவதுண்டு. அண்ணன் மூச்சு வாங்க ஏறும் மேட்டைத் தம்பி ஓடியே ஏறிவிடுவான்.

நாம் முன்பு கணக்கிட்ட போயிங் 757, 1982 பிப்ரவரியில் முதலில் பறந்து 1983 தொடக்கத்தில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. பெரிய விமானங்களுக்கென உருவான எஞ்சின் குடும்பத்திலிருந்து சிறிதாக்கி எடுத்த எஞ்சின்களை அதற்கு மாட்டினார்கள். மெலிந்த உடலுக்கு மல்லனின் தோள்கள் வாய்த்தாற்போல் ஆயிற்று. கலிபோர்னியாவின் ஆரஞ்சு வட்டத்திலுள்ள விமான நிலையத்தின் ஓடுபாதை 5,700 அடிதான்; சுற்றிலும் வீடுகள்; இரைச்சலுக்குக் கடுமையான கட்டுப்பாடு. அத்தகைய இடத்தில் குறுகிய தூரம் ஓடிச் செங்குத்தாக எழவல்ல 757 பெரிதும் விரும்பப்பட்டது. நியூசிலாந்து நாட்டு விமானப்படை 2003இல் வாங்கிய இரண்டு 757 விமானங்களும் காட்சிகளில் வெறுமையாக எழுந்து காட்டியபோது, போர் விமானங்களைக் காண வந்தவர்கள் இந்தப் பயணி விமானத்தைக் கண்டு வாய்பிளந்து நின்றார்கள். 1,050 விமானங்களோடு 2004இல் இதன் உற்பத்தி நின்றது.

இதுவரை கேட்ட இளைஞர்களுக்கு, இவ்வளவு விசை இருக்கையில் அதை முழுவதும் பயன்படுத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். அவ்வாறு தோன்றிய இருவரின் கதை இது.

2004 அக்டோபர் 14ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் 50 பேர் அமரக்கூடிய சிறிய ஜெட் விமானமொன்று லிட்டில் ராக்கிலிருந்து மினியாபோலிசுக்குப் புறப்பட்டது. மறுநாள் பணிக்காக இடம் மாற்றப்படும் விமானம் அது. பயணிகள் இல்லை, விமானிகள் இருவர் மட்டுமே. 33,000 அடி உயரத்தில் செல்வதாக ஏற்பாடு. அவர்களோ அந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எல்லையாகிய 41,000 அடியைத் தொட்டுப் பார்க்க விரும்பினார்கள். வழியிலேயே மூக்கைத் திடீர் திடீரென்று உயர்த்தி விளையாடினார்கள். சுமையற்ற விமானம் கீழே இருந்தவரை இணங்கியது. மேலே காற்று மெலிய மெலிய எஞ்சினின் விசையும் மெலிந்தது. கீழே இருந்த சேமிப்பு மேலே இல்லை. வேகத்தைக் காக்காமல், நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ஏற்றத்தையே காக்கும்படி தானியங்கிக் கருவிக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். அது வேகத்தை விலையாகக் கொடுத்து உயரத்தை வாங்கிக்கொண்டே போயிற்று. 41,000 அடியை எட்டினார்கள். சிறிது நேரத்தில் விமானம் தூக்கும் ஆற்றலை இழந்து சரிந்தது. இரண்டு எஞ்சின்களும் அணைந்தன. கீழே இறங்கும் வழியில் பல முறை முயன்றும் அவை மறுபடி ஓடவில்லை. ஓர் எஞ்சின்தான் நின்றது என்று முதலில் தரைநிலையத்துக்குச் சொல்லி, இரண்டும் நின்ற செய்தியைத் தாமதித்தே தெரிவித்தார்கள். செஃபர்சன் நகரில் வீடுகளின் பின்புறத்தில் விமானம் விழுந்தது. ஊரார் எவருக்கும் தீங்கில்லை. விமானிகள் இருவரும் இறந்தனர். ஓர் எஞ்சின் நிற்கும் நாளுக்கென்று வைத்த சேமிப்பைக் கொண்டு விளையாடியவர்கள் இரண்டு எஞ்சின்களையும் இழந்தார்கள்.

விளையாட்டே இல்லாமலும் இத்துன்பம் நேர்வதுண்டு. 2016 மார்ச்சு 19ஆம் நாள் துபாயிலிருந்து உருசியாவின் ரோஸ்தோவ் நகருக்கு வந்த போயிங் 737, பலத்த காற்றினால் இறங்க இயலாமல் நெடுநேரம் வானில் வட்டமிட்டது. எரிபொருள் குறைந்திருந்தது, பயணிகளும் 55 பேரே. விமானம் மிக இலேசாக இருந்தது. மீண்டும் இறங்க முயன்று முடியாமல் விமானிகள் முழுவிசையோடு மேலே எழுப்பினார்கள். இலேசான விமானம் சட்டென்று நிமிர்ந்து பாய்ந்தது. இரவு, வெளியே மேகம். நம் உட்செவியில் உள்ள சமநிலை உறுப்புக்கு, முன்னோக்கிய வேகப் பெருக்கத்தையும் மேல்நோக்கிய சாய்வையும் பிரித்தறியத் தெரியாது. விரைந்து முன்னே தள்ளப்பட்டால் அண்ணாந்து சாய்ந்ததாகவே அது மூளைக்குச் சொல்லும். விமானி மூக்கைத் தாழ்த்தினார், தாழ்த்திக்கொண்டே இருந்தார். 62 பேரும் மாண்டனர். விமானத்தில் அமர்ந்து எழும்போது நமக்கும் அதே மயக்கம் உண்டு. 15 பாகை சாய்வு 30 பாகையாகத் தோன்றும்; கைப்பிடியைப் பற்றிக்கொள்வோம்.

இத்தகைய காரணங்களாலும், எஞ்சின் தேய்மானத்தைக் குறைக்கும் பொருட்டும், விமானக் கம்பெனிகள் சுமை குறைந்த நாளில் முழுவிசையையும் பயன்படுத்துவதில்லை. இதற்கு அவர்கள் கையாளும் உபாயம் சுவையானது. வெப்பக் காற்றில் எஞ்சினின் விசை குறையும் அல்லவா? ஆகவே, வெளியே 28 பாகை வெப்பமே இருந்தாலும், 50 பாகை இருப்பதாகக் கணிப்பொறிக்குச் சொல்லிவிடுகிறார்கள். அக்கினி நட்சத்திரத்து வெயில் என்றெண்ணி அது அடக்கமாகவே விசையைத் தருகிறது. இடையில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் அந்த அடக்கமான விசையே போதும் என்று முன்னரே கணக்கிட்டிருப்பார்கள். வேண்டுமாயின் நெம்புகோலை முன்னே தள்ளிய அளவில் முழுவிசையும் கிடைக்கும்.

சென்ற ஆண்டு என் பேரனோடு மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தேன். பாதிக்கு மேல் இருக்கைகள் காலி. குறுகிய பயணம், எரிபொருளும் குறைவாகத்தான் இருக்கும். "இன்று பார், எப்படி நிமிர்ந்து போகப் போகிறது!" என்று அவனிடம் பெருமையாகச் சொல்லி வைத்தேன். விமானம் மிகச் சாதுவாக எழுந்து, மாட்டு வண்டி மேடேறுவது போல நிதானமாக ஏறிற்று. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, செங்குத்தாகப் போகும் என்றீர்களே?" என்றான். இம்முறை எனக்கு விடை தெரிந்திருந்தது. சென்னை வந்து சேரும்வரை அவனுக்கு வின்ஸ்லோவின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.